ஒன்பதாவது கேள்வி

ஜூன் 2

அன்புள்ள அக்காவுக்கு,

பூனை எழுதுகிறேன். அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. எனக்கு ஒரு குறையும் இல்லை, போன கடிதத்துக்கு நீ பதில் போடாத குறை தவிர. போனில் பேசலாமே என்பாய். போனில் நீ "ம், சொல்லு" என்றதும் எனக்குச் சொல்ல வந்தது மறந்துபோகிறது. தாளில்தான் எனக்கு வாய்.

சேதிக்கு வருகிறேன். உட்கார்ந்துகொண்டு படி. எங்கள் விண்வெளி மையத்துக்கு மூன்று மாதப் பயிற்சிக்கு வரப்போகும் மாணவர்களின் பட்டியல் இன்று காலை எங்கள் நுழைவுச்சீட்டுப் பிரிவுக்கு வந்தது. நாற்பது பேர். பதினேழாவது பெயர் உன்னுடையது! விண்ணப்பித்ததைக்கூடச் சொல்லவில்லையே, கள்ளி. உன் பெயரையும் கல்லூரியையும் மூன்று முறை படித்துவிட்டுச் சிரித்துவிட்டேன் போலிருக்கிறது. சூப்பிரண்டு மேடம் கண்ணாடிக்கு மேலே பார்த்து, "ஏம்மா, உனக்குச் சத்தம்கூட வருமா?" என்றார்.

ஜூலை நாலாம் தேதி திங்கட்கிழமை உங்களுக்கு அறிமுக நாள். எப்படி நடக்கும் என்று சொல்கிறேன், கேட்டுக்கொள். உங்கள் கல்லூரி வண்டி கேட்டுக்கு வெளியே நின்றுவிடும். முதலில் எங்கள் மேசை. கைப்பேசியைப் பெட்டகத்தில் வைக்க வேண்டும். பிறகு கழுத்து அட்டை. எல்லாருக்கும் வெள்ளை அட்டை. ஆனால் உனக்கு நீல அட்டை! மையத்தில் அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர் யாராவது வேலையில் இருந்தால் நீலம்தான். அதில் உன் பெயருக்குக் கீழே அந்த உறவினரின் பெயரும் வேலையும் அச்சாகும். இந்த வாரம் உனக்குப் படிவம் வரும். அதில் ஒன்பதாவது கேள்வியில் மறக்காமல் என்னை எழுது. உன் அட்டையை நானே அச்சடித்து, நானே கயிறு கோப்பேன்.

அட்டை வாங்கியதும் பஸ். ஓட்டப்போவது யார் தெரியுமா? நம் மீசை மாமா! தண்ணீர்த் தொட்டி வளைவில் மாமா ஒரு சின்ன ஹாரன் அடிப்பார். இப்போது எல்லா டிரைவர்களும் அடிக்கிறார்கள். அங்கேதான் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டே பஸ்ஸை ஓரங்கட்டி, கைப்பிரேக் போட்டு, கதவையும் திறந்துவிட்டுச் சாய்ந்தார். உள்ளே இருந்த முப்பத்தெட்டுப் பேரில் ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. புதுசாக வரும் ஒவ்வொரு பேட்ச்சுக்கும் மாமா இதைச் சொல்கிறார். அப்பாவின் பட்டப்பெயரைச் சொல்லி, "நிதானம்னு எங்காளு ஒருத்தன் இருந்தான்" என்றுதான் ஆரம்பிப்பார்.

இன்னொன்று. கேட்டில் ஐந்து வாக்கியம் சொல்லி வரவேற்க வேண்டும். வழக்கமாகச் சொல்பவர் விடுப்பில் போகிறார். மேடம் என்னைச் சொல்லச் சொல்லிவிட்டார். நானா, நாற்பது பேர் முன்னாலா! தினமும் குளியலறையில் பழகுகிறேன். கடைசி வாக்கியம் என்ன தெரியுமா? "சந்தேகம் இருந்தால் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்." அதைச் சொல்லும்போதுதான் எனக்குக் குரல் உள்ளே போய்விடுகிறது. நீ முன்வரிசையில் நில். உன்னை மட்டும் பார்த்துச் சொல்லிவிடுவேன்.

செப்டம்பரில் எனக்குப் பதினெட்டு. அப்பாவின் பெயரில் தந்த இந்தத் தற்காலிக வேலை அப்போது நிரந்தரமாகிவிடும் என்று மேடம் சொன்னார். அதன் பிறகு இந்தக் குவார்ட்டர்ஸை யாரும் காலி பண்ணச் சொல்ல முடியாது. அம்மா இப்போதே ஜன்னலுக்குத் திரை தைக்கிறாள்.

உன் தங்கச்சி,
பூனை

*

ஜூன் 9

அன்புள்ள பூனைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பரீட்சை நெருக்கடியில் எழுத முடியவில்லை, கோபித்துக்கொள்ளாதே. விண்ணப்பித்ததைச் சொல்லாததற்குக் காரணம், கிடைக்காவிட்டால் அம்மா வருத்தப்படுவாள் என்பதுதான்.

ஒன்று கேட்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ளாதே. அறிமுக நாளன்று நீ லீவு போட முடியுமா? தங்கை அங்கே இருக்கிறாள் என்று தெரிந்தால், சிபாரிசில் வந்தவள் என்று பேசுவார்கள். எங்கள் கல்லூரியிலிருந்தே இன்னும் நான்கு பேர் வருகிறார்கள். எனக்காக ஒரு நாள். அந்த ஐந்து வாக்கியத்தை வேறு யாராவது சொல்லட்டும். உனக்கும் அந்தப் பயம் இருக்காதே.

பயிற்சி முடியும்வரை விடுதியில்தான் தங்க வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வரப் பார்க்கிறேன். அம்மாவுக்கு முட்டிக்கு மருந்து வாங்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அக்கா

*

ஜூன் 16

அன்புள்ள அக்காவுக்கு,

லீவு போடச் சொன்னாய். சரி என்று அன்றைக்கே மனதுக்குள் சொல்லிவிட்டேன். அந்த ஐந்து வாக்கியம் மட்டும் குளியலறைக் கதவிடம் சொன்னதோடு வீணாகப் போயிற்று. போகட்டும்.

ஆனால் இப்போது எழுதுவது வேறு விஷயம். படிவங்கள் நேற்று வந்தன. கட்டைப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஊழியர் பதிவேட்டோடு ஒப்பிட்டு, "சரிபார்க்கப்பட்டது" என்று முத்திரை குத்தி, பக்கத்தில் சுருக்கொப்பம் போடுவது என் வேலை. உனக்கு அது தெரியாது, நானும் சொல்லவில்லை. கேட்டில் நின்று அட்டை மாட்டிவிடுகிறவள் என்றுதான் நினைத்திருப்பாய்.

உன் படிவத்தைக் கடைசியில் எடுக்க வேண்டும் என்று அடியில் வைத்திருந்தேன், சின்ன வயதில் மிட்டாயை வைத்துக்கொள்வது மாதிரி. ஒன்பதாவது கேள்வி: "பயிற்சி தொடங்கும் நாளன்று உங்கள் பெற்றோரோ உடன்பிறந்தோரோ இம்மையத்தில் பணியில் இருக்கிறார்களா?" உன் கையெழுத்து எவ்வளவு அழகு. "இல்லை" என்று எழுதியிருந்தாய்.

மறந்திருப்பாய் என்று முதலில் நினைத்தேன். தற்காலிக வேலை கணக்கில் வராது என்று நினைத்திருப்பாயோ என்று பிறகு நினைத்தேன். வரும் அக்கா. பதிவேட்டில் நான் இருக்கிறேன். "ஆம்" என்று எழுதினால் ஒரு தொல்லையும் கிடையாது, அட்டை நீலமாகும், அவ்வளவுதான். ஆனால் வேலையில் இருக்கிற ஒருவரை இல்லை என்று எழுதினால் சிவப்புச் சீட்டு ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பயிற்சியே ரத்து. போன வருஷம் ஒரு பையனுக்கு அப்படி ஆயிற்று.

முப்பத்தொன்பது படிவம் முடிந்தது. உன்னுடையது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. முதல் தேதிக்குள் மேடத்திடம் கட்டைக் கொடுக்க வேண்டும். இதோடு ஒரு வெற்றுப் படிவம் வைத்திருக்கிறேன். புதிதாக நிரப்பி உடனே தபாலில் அனுப்பு. பழையதை எடுத்துவிட்டு இதை வைத்துவிடுகிறேன். யாருக்கும் தெரியாது. நான் எங்கே பேசப்போகிறேன்.

நான் ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டேனா? நீல அட்டையைப் பற்றி அவ்வளவு எழுதியிருக்கக் கூடாதோ?

உன் தங்கச்சி,
பூனை

*

ஜூன் 22

பூனை,

மறக்கவில்லை. தெரிந்துதான் எழுதினேன். உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

முதல் வருஷம் ஹாஸ்டலில் முதல் ராத்திரி, கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொருத்தியும் அப்பா என்ன வேலை என்று சொன்னார்கள். டாக்டர், நீதிபதி, கப்பல் கேப்டன். என் முறை வந்தது. "ஸ்பேஸ் சென்டர்ல" என்றேன். "ஐயோ, சயின்டிஸ்டா!" என்று ஒருத்தி கத்தினாள். நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. மறுநாள் வகுப்பு முழுக்கத் தெரிந்துவிட்டது. அப்பா போனபோது பேராசிரியர் எல்லாரையும் எழுந்து நிற்க வைத்து, "நாட்டுக்காக உழைத்த ஒரு விஞ்ஞானிக்கு" என்றார். அப்போது எப்படிச் சொல்வேன், நீயே சொல். அந்த நான்கு பேரும்தான் இப்போது என்னோடு வருகிறார்கள். என் கழுத்தில் "தங்கை, தற்காலிக உதவியாளர்" என்று அட்டை தொங்கினால் ஒரு நாளில் எல்லாம் அவிழ்ந்துவிடும்.

உனக்கு இது புரியாது. அந்த மாதிரி இடத்தில் நீ இருந்ததில்லை. பள்ளிக்கூடம் பிடிக்காமல் விட்டாய், உனக்கு ஒரு வேலை கிடைத்தது, நிம்மதியாக இருக்கிறாய். நான் அப்படி இல்லை.

முத்திரையைக் குத்திவிடு பூனை. யார் திரும்பிப் பார்க்கப்போகிறார்கள்? மூன்றே மாதம். மீசை மாமாவிடமும் நீயே சொல்லிவிடு. பஸ்ஸில் அந்தக் கதை வேண்டாம், ஹாரன் வேண்டாம், என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டாம். உன் பேச்சைக் கேட்பார்.

இதுவரை நான் உன்னிடம் எதுவும் கேட்டதில்லை.

அக்கா

*

ஜூலை 2, சனிக்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. கேட் காவலர் அண்ணனிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். திங்கட்கிழமை சாயங்காலம், எல்லாம் முடிந்த பிறகு, விடுதியில் உன்னிடம் தருவார். அதற்கு முன்னால் தர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

முதலில் மாமா விஷயம். வியாழக்கிழமை ஷெட்டுக்குப் போனேன். மாமா பஸ் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன பூனை, வழி தவறி வந்துட்டியா?"

"மாமா, திங்கட்கிழமை அக்கா வர்றா."

"தெரியாதா எனக்கு? மீசைக்குச் சாயமே பூசப்போறேன்."

"அன்னைக்கு அந்தக் கதையைச் சொல்ல வேண்டாம் மாமா."

துடைத்துக்கொண்டே கேட்டார். "ஏன், அழுவாளா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். எனக்கு வரவில்லை. "அவகூட வர்றவங்களுக்கு அப்பா டிரைவர்னு தெரியாது மாமா. பெரிய விஞ்ஞானின்னு நினைச்சிட்டிருக்காங்க."

மாமா முதலில் சிரித்தார். "நம்ம நிதானமா? டேப் ரிக்கார்டரைப் பிரிச்சிட்டு மாட்டத் தெரியாம மூட்டையா கட்டி வச்சவன்டி அவன்!" பிறகு என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. "ஹாரனும் வேண்டாமா?"

"வேண்டாம் மாமா. அவளைத் தெரிஞ்ச மாதிரியும் காட்டிக்க வேண்டாம்."

"ஏழு பேட்ச்சுக்குச் சொல்லியிருக்கேன். யார் யாரோ பெத்த புள்ளைங்க. கண்ணைத் துடைச்சிக்கிட்டு இறங்கிப் போவாங்க. அவன் பொண்ணு ஏறுற அன்னைக்கு நான் வாயை மூடிக்கணுமா?"

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையிலேயே ஒரு ஆளிடம் நான் அவ்வளவு நேரம் பேசியது அன்றுதான். பழகியிருந்த ஐந்து வாக்கியத்தைவிட அதிகம். கடைசியில் மாமா துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, "போ. நீ கேட்டதுக்காக" என்றார். பிறகு கேட் அண்ணன், கேன்டீன் அக்கா, பெட்டக அறைப் பெரியவர் என்று அப்பாவைத் தெரிந்த எல்லாரிடமும் போனேன். எல்லாரும் சரி என்றார்கள். ஒருவர்கூட என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

இனி முத்திரை. நீ அந்த வெற்றுப் படிவத்தை நிரப்பி அனுப்புவாய் என்று முப்பதாம் தேதி வரை தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முத்திரையைக் கையில் எடுத்தும் பார்த்தேன். குத்த முடியவில்லை அக்கா. நல்லவள் என்பதால் இல்லை. அப்பா உயிர் போகிற நேரத்திலும் கைப்பிரேக்கைச் சரியாகப் போட்டார். அதற்காகத்தான் எனக்கு அந்த நாற்காலியைக் கொடுத்தார்கள். அதில் உட்கார்ந்துகொண்டு எனக்குப் பொய் முத்திரை குத்தக் கை வரவில்லை. சிவப்புச் சீட்டு ஒட்டவும் கை வரவில்லை.

கேள்வியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். "பயிற்சி தொடங்கும் நாளன்று" என்றுதான் இருக்கிறது. அன்றைக்கு நான் வேலையில் இல்லாவிட்டால் நீ எழுதியது சரிதானே? நேற்று காலை ராஜினாமாக் கடிதம் கொடுத்தேன். மேடம் பேனாவை மூடிவிட்டு, "பைத்தியமா உனக்கு? இன்னும் ரெண்டு மாசம். பல்லைக் கடிச்சிக்கிட்டு இரும்மா. யாராவது ஏதாவது சொன்னாங்களா?" என்றார். தலையை மட்டும் ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. மாலையில் பதிவேட்டில் என் பெயருக்கு நேரே கோடு போட்டார்கள். அதன் பிறகு மேடத்தின் அனுமதியோடு, மிச்சமிருந்த ஒரு படிவத்தை ஒப்பிட்டு முத்திரை குத்தினேன். சரியாக இருந்தது. உனக்கு வெள்ளை அட்டை. கயிறு நான் கோத்ததுதான்.

அம்மாவிடம் உண்மையைத்தான் சொன்னேன். ஜன்னல் திரைக்கு வளையம் கோத்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்த வளையத்தைக் கோத்து முடித்தாள். "இல்லைன்னா எழுதினா?" என்றாள். ஆமாம் என்றேன். "சரி. அப்ப கிளம்பு" என்று எழுந்து பரணிலிருந்து பெட்டியை இறக்கினாள், அந்த முட்டியை வைத்துக்கொண்டு. வேலை போனால் குவார்ட்டர்ஸும் போகும் என்று உனக்குத் தெரியும். நாளைக் காலை அம்மா பிறந்த ஊருக்கு, மாமன் வீட்டுக்குக் கிளம்புகிறோம். முகவரி பின்பக்கம்.

பள்ளிக்கூடம் பிடிக்காமல் விட்டேன் என்று எழுதியிருக்கிறாய். அப்போது எல்லாரிடமும் அப்படித்தான் சொன்னேன். நீ அழுதுகொண்டிருந்தாய், படிப்பை நிறுத்திவிட்டு வந்து வேலையில் சேர்கிறேன் என்றாய். அதனால் சொன்னேன். நன்றாகவே சொல்லியிருக்கிறேன் போல.

பயிற்சியை நன்றாக முடி. மஞ்சள் கோட்டைத் தாண்டாதே.

உன் தங்கச்சி,
பூனை

*

ஜூலை 5

என் பூனைக்கு,

நேற்று கேட்டில் மேசைக்குப் பின்னால் உன்னைத் தேடினேன். யாரோ ஒருவர் தாளைப் பார்த்து ஒப்பித்தார். நீ இல்லை என்றதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். லீவு போட்டிருக்கிறாய் என்று நினைத்தேன்.

மாமா பஸ் கதவருகில் நின்றார். சாயம் பூசவில்லை. "ஏறுங்க மேடம்" என்றார். என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு சுற்றியவர்.

தண்ணீர்த் தொட்டி வளைவு வந்தது. மாமாவின் கை ஹாரன் பக்கம் போனதைப் பார்த்தேன். போய், திரும்ப ஸ்டியரிங்குக்கே வந்துவிட்டது. ஒரு சத்தமும் இல்லாமல் வளைந்தோம். எழுந்து நின்று கத்த வேண்டும் போலிருந்தது. உட்கார்ந்தே இருந்தேன். பக்கத்தில் இருந்தவள், "உங்க அப்பா எந்த பில்டிங்ல இருந்தாரு?" என்றாள். எதிரே தெரிந்த ஒரு வெள்ளைக் கட்டடத்தைக் கை காட்டினேன். அது என்ன கட்டடம் என்றுகூட எனக்குத் தெரியாது.

சாயங்காலம் உன் கடிதம். படித்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன். பூட்டு. ஜன்னல் வழியே பார்த்தேன். கம்பியில் புதுத் திரை தொங்குகிறது, அதை மட்டும் ஏன் விட்டுப் போனீர்கள்?

நேற்று இரவே நான்கு பேரிடமும் சொல்லிவிட்டேன். அப்பா டிரைவர், தங்கை இங்கே வேலை பார்த்தாள், நான்தான் சொல்லவில்லை என்று. அவர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? "சரி, அதுக்கு ஏன்டி அழற?" அவ்வளவுதான் பூனை. ஒருத்தி தட்டைக் கழுவப் போய்விட்டாள். இவ்வளவுக்கா நான்...

நீ அனுப்பிய வெற்றுப் படிவம் என் பெட்டியிலேயே இருந்தது. நிரப்பி இதோடு வைத்திருக்கிறேன். மேடத்திடம் நான் பேசுகிறேன். ராஜினாமாவைத் திரும்ப வாங்கிக்கொள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா. இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே வருகிறேன். ஒரு வரி எழுது.

உன் அக்கா

*

ஜூலை 14

அக்காவுக்கு,

கடிதமும் படிவமும் கிடைத்தன. ஒன்பதாவது கேள்வியில் "ஆம். தங்கை, நுழைவுச்சீட்டுப் பிரிவு" என்று எழுதியிருக்கிறாய். இந்த எழுத்தைப் பார்க்கத்தான் அப்போது தினமும் தபால்காரர் வழியில் நின்றேன். இப்போது இது பொய்யாகிவிட்டது. திருப்பி அனுப்புகிறேன். யாரிடமும் கொடுத்துவிடாதே, சிவப்புச் சீட்டு ஒட்டிவிடுவார்கள்.

என் இடத்துக்கு வேறொரு பெண் வந்துவிட்டாளாம், கேட் அண்ணன் எழுதியிருந்தார். நன்றாகப் பேசுகிறாளாம். எனக்கு இங்கே ஆஸ்பத்திரிக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் வேலை. யாரும் என்னைப் பேசச் சொல்வதில்லை. எத்தனை காப்பி என்று கேட்டால் போதும்.

திரையை நான் விட்டுவரவில்லை. கிளம்பும் முன் அம்மாதான் மாட்டினாள். "தெச்சதை மாட்டிப் பாத்துட்டுப் போறேன்" என்றாள். பார்த்துக்கொண்டே நின்றாள், பிறகு கதவைப் பூட்டிவிட்டாள்.

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "சாப்பிடுறாளாமா?" என்று மட்டும் கேட்டாள். சாப்பிடுகிறாள் என்றேன். நீ அதைப் பற்றி எழுதவில்லை. நானாகச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை வராதே. கோபம் என்று நினைக்காதே. உன்னைப் பார்த்தால் பரவாயில்லை அக்கா என்று சொல்லிவிடுவேன், எனக்கு என்னைத் தெரியும். இந்த முறை அதைச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. சொல்ல வரும்போது நானே எழுதுகிறேன். அதுவரை நீயும் எழுத வேண்டாம். மீசை மாமாவை மறுபடி ஹாரன் அடிக்கும்படி கேட்டுக்கொள்ள என்னிடம் சொல்லாதே. வேண்டுமென்றால் நீயே ஷெட்டுக்குப் போய்க் கேள்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். நாலாம் தேதி காலை ஒன்பது மணிக்கு, நீங்கள் எல்லாரும் கேட்டில் நின்றிருப்பீர்கள் இல்லையா, அப்போது நான் மாமன் வீட்டுப் பின்கட்டில் அம்மாவை ஒரு நாற்காலியில் உட்கார வைத்தேன். எதிரே நேராக நின்றேன். வணக்கம், உங்களை வரவேற்கிறோம். கைப்பேசியைப் பெட்டகத்தில் வைத்துவிட்டுச் சாவியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அட்டை எப்போதும் கழுத்தில் தெரியும்படி இருக்கட்டும். மஞ்சள் கோட்டைத் தாண்ட வேண்டாம். சந்தேகம் இருந்தால் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்.

ஐந்தும் சொன்னேன். ஒரு இடத்திலும் குரல் உள்ளே போகவில்லை.

அம்மா கை தட்டினாள். பிறகு, "ரொம்ப நல்லா சொன்னேடி" என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

பூனை